ஸ்பீக்கரில் ஜெபமாலை

எங்கள் வீட்டு லேண்ட்லைனில் சொந்தபந்தம் யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களிடம் செல்போன் நம்பர் இருக்கிறது. லேண்ட்லைனில் கூப்பிடுகிறவர்கள் எங்களை முன்பின் பார்த்திராதவர்கள். ஆனால் பெற்ற பெண்ணான என்னைவிட அப்பா அம்மாவின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள். இன்சூரன்ஸ் எடுத்தாயிற்றா, கிரெடிட் கார்டு வேண்டுமா, சென்னைக்கு மிக அருகில் மனை வேண்டுமா என்று ஓயாமல் விசாரிப்பார்கள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரம் வீடு கட்டிக்கொண்டு, கொஞ்சம் நிலத்தில் நெல் போடுகிற குடும்பத்துக்குச் சென்னைக்கு மிக அருகில் என்ன வேலை என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நானும் சொல்லி ஓய்ந்துவிட்டேன். என் அப்பா மிக்கேல்ராஜ் கேட்க மாட்டார். இன்டர்நெட் இணைப்போடு இலவசமாக வந்த லைன் அது. இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்வது அவர் சுபாவத்திலேயே கிடையாது. லைன்தான் புதிது, போன் பழையது. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் சின்னத் திரைகூட அதில் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினால் தெருமுனை வரை கேட்கும்.

அப்பாவுக்கு அந்தப் போனை எடுக்கத் தடை. காரணம் இருக்கிறது. ஒருமுறை எடுத்து, "சாப்பிட்டீங்களா தம்பி" என்று ஆரம்பித்து, எதிர்முனைத் தம்பியின் தங்கை கல்யாணம் வரை விசாரித்துவிட்டார். மறுவாரம் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷினோடு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான். அப்பா வரச் சொன்னாராம். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். காவிரித் தண்ணீரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவனுக்கு அம்மா காப்பிகூடக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து போன் அம்மாவின் இலாகா.

என் அம்மா மரியபுஷ்பத்துக்குக் கோபம் வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். முதலில் அந்தக் கோபத்தைத்தான் பயன்படுத்திப் பார்த்தாள். பலன் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் திட்டு வாங்குவதும் சம்பளத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது. இவள் மூச்சு வாங்கத் திட்டி முடித்ததும், "நன்றி மேடம், மறுபடி எப்பக் கூப்பிட்டா உங்களுக்கு வசதியா இருக்கும்?" என்பார்கள். பிறகு பொய்க்கு இறங்கினாள்.

"வீட்ல யாருமில்லீங்க."

"நீங்க பேசுறீங்களே மேடம்?"

"நானும் இல்ல."

இந்தப் பொய் அவளை உறுத்தியது. அடுத்த வாரமே பூசைக்கு முன்னால் போய்க் கோயிலின் பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். "பொய் பாவந்தாம்மா. ஆனா அதே லோன் பொண்ணு எனக்கும் பேசுது. வேற வழி கெடச்சா எனக்கும் சொல்லு" என்றாராம் சாமியார். இதை அம்மாவே எங்களிடம் சொன்னாள்.

வழி தானாகக் கிடைத்தது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி அம்மா முழந்தாளிடுவாள். அப்பா பாயில் உட்காருவார், நான் சுவரில் சாய்ந்துகொள்வேன். ஒருவர் மாதா மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஜெபமாலையின் ஒரு மணியை உருட்ட ஒரு மந்திரம், இப்படிப் பத்துப் பத்து மணியாக ஐந்து முறை போகும். ஆரம்பித்துவிட்டால் நடுவில் பேசக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பாம்பு வந்தாலும் ஆமென் சொன்ன பிறகுதான் அடிக்க வேண்டும்.

ஒருநாள் ஜெபத்துக்கு நடுவில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைப்பதற்காக அம்மா கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினாள். அது ஸ்பீக்கர் பட்டன். "மேடம், உங்களுக்கு ஒரு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்றது ஒரு பையனின் குரல். அம்மா பதில் சொல்லவில்லை. மந்திரத்தைத் தொடர்ந்தாள். நாங்களும் தொடர்ந்தோம். பையன் நாலைந்து தரம் ஹலோ சொன்னான். அப்புறம், "சாரி மேடம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்று ஜெபம் முடிந்து எழுந்தபோது அம்மாவின் முகத்தில் இருந்த பிரகாசம் முழுக்கப் பக்தி என்று நான் நம்பவில்லை. பொய் இல்லை, திட்டு இல்லை, பாவம் இல்லை. அந்தப் பக்கம் கேட்கிற ஆத்துமாவுக்கும் புண்ணியம். அதன்பிறகு ஏழு மணிக்கு முன்னால் யார் கூப்பிட்டாலும், "இப்ப வேலையா இருக்கேன், ஏழு மணிக்கு மேல பேசுங்களேன்" என்று அன்பாகச் சொல்லி வைத்தாள். பாவம், அவர்களும் நம்பிக் கூப்பிட்டார்கள். பொறுமை இல்லாத சமயங்களில் மட்டும் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று வைத்துவிடுவாள்.

புகழ் பரவியது. பக்கத்து வீட்டு வீரையன் மாமா, "அக்கா, அந்த ஜெபத்த எம் போன்ல ஏத்திக் குடுங்களேன். எனக்கும் டிராக்டர் வாங்கச் சொல்லி உசுர எடுக்கிறானுவ" என்று வந்து நின்றார். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் இன்சூரன்ஸ் விற்கக் கூப்பிட்டவன், அம்மா முதல் பாதியைச் சொன்னதும் மறுபாதியைப் பிசகாமல் சொன்னான். மேலதிகாரி வந்துவிட்டார் போலிருக்கிறது, முதல் பத்து மணி முடிவதற்குள் வைத்துவிட்டான். அம்மா உருகிப்போனாள். அவன் அடுத்த நாள் கூப்பிட்டிருந்தால் எங்கள் மூவருக்கும் பாலிசி எடுத்திருப்பாள். யாரும் இரண்டாவது பத்து மணியைத் தாண்டியதில்லை. அது அம்மாவுக்கு ஒரு பெருமை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். என் கல்யாணம் அந்தப் போனில் வந்து மாட்டும் வரைக்கும்.

நான் தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். ரெஜினும் அங்கே வேலை பார்த்தவன்தான். இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறான், வீடு பொறையாறு. அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்னபோது வீட்டில் பெரிதாக ஒன்றும் வெடிக்கவில்லை. ரெஜினுடைய பெரியப்பா வந்து பேசினார். முறைப்படி இருக்கட்டும் என்று என் பயோடேட்டாவை வாங்கிப்போனார். அறுப்பு முடிந்து, தவக்காலம் ஆரம்பிப்பதற்குள் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்றார்கள். தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது.

தகராறு வேறு இடத்தில் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள், ரெஜின் வீட்டார் லுத்தரன் சபை. "ரெண்டும் ஏசு சாமிதானே, இதுல என்ன இருக்கு" என்றார் வீரையன் மாமா. கல்யாணம் எந்தக் கோயிலில் என்பது இருக்கிறது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த எங்கள் ஊர்க் கோயிலில்தான் என்றாள் அம்மா. எங்கள் ஆலயத்தில்தான் என்று சொல்லி அனுப்பினார் ரெஜினுடைய அம்மா. பங்குச் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க ஆலயத்துல கட்டிக்க பிஷப்கிட்ட நான் அனுமதி வாங்கித் தந்துடுவேன் ஜாய்ஸ். மொதல்ல ஒங்கம்மாகிட்ட நீ வாங்கு" என்றார்.

ரெஜினுடைய அம்மா பெயர் ஃபிளோரா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகளின் பிரசவத்துக்காக மதுரையில் இருந்ததால் பெண் பார்க்கக்கூட வரவில்லை. அவரை நாங்கள் பார்த்ததும் இல்லை, அவர் குரலைக் கேட்டதும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தானே எங்கள் வீட்டில் பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் என் கல்யாணம் இருந்தது. அம்மா செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். மாடு கட்டப் போனாலும் செல்போன் போயிற்று. அந்தப் போன் வரவில்லை. அறுப்பு முடிந்தது, வைக்கோல் கட்டுகளும் வீட்டுக்கு வந்துவிட்டன, பொறையாற்றிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. ரெஜினைக் கேட்டால், "அம்மா பேசுறேன்னுதான் சொல்றாங்க" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அம்மாமேல் கோபம் வந்தது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. முதல் பத்து மணியில் பாதி போயிருந்தோம். லேண்ட்லைன் அடித்தது. அம்மா மந்திரத்தை விடாமல் கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வணக்கம். மிக்கேல்ராஜ் சார் வீடுங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

ஒரு பெண்குரல். ஒவ்வொரு சொல்லும் தேய்த்துக் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. இன்சூரன்ஸ்காரிகளிலேயே கொஞ்சம் பெரிய இடத்துக்காரி என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கண் மின்ன, போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, குரலை ஒரு படி உயர்த்தினாள். அந்தப் பக்கம் இரண்டு முறை ஹலோ கேட்டது. அப்புறம் சத்தமில்லை. ஆனால் லைன் அறுபடவில்லை. ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது பத்து மணிக்கு முன்னால் பரலோக மந்திரம் வரும். இயேசுவே கற்றுக்கொடுத்த ஜெபம், எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொது. அம்மா அதை ஆரம்பித்ததும் ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரலும் சேர்ந்துகொண்டது. வார்த்தைகள் எங்களுடையவை அல்ல, கொஞ்சம் பழைய பைபிள் தமிழ். அம்மா புருவத்தைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். நாங்கள் ஆமென் சொல்லி நிறுத்தினோம். அந்தக் குரல் நிறுத்தவில்லை. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் கடவுளுக்கே என்று இன்னும் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் ஆமென் என்றது.

நான் சுவரிலிருந்து நிமிர்ந்தேன். அந்தக் கடைசி வரியை எங்கள் வீட்டு ஜெபமாலையில் சொல்வதில்லை. ரெஜினோடு அவன் ஆலயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, எல்லோரும் அதைச் சொல்ல நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். சுத்தமான தமிழ், பள்ளிக்கூடத்துக் குரல், லேண்ட்லைன். பயோடேட்டாவில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில் அப்பா இந்த நம்பரைத்தான் போட்டிருந்தார். வீட்டு நம்பர் போட்டால்தான் கௌரவம் என்றார்.

"அம்மா" என்று வாயசைத்தேன். அம்மா முறைத்தாள். ரெஜினோட அம்மா, ரெஜினோட அம்மா என்று சத்தமில்லாமல் சொல்லிக் காட்டினேன். அப்பா அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'இது இன்சூரன்ஸ் இல்லம்மா, என் மாமியார்' என்று நான் சொல்வது ஸ்பீக்கர் வழியாக மாமியார் காதிலேயே விழும். லைனை வெட்டினால் அதைவிட மோசம். மெல்ல நகர்ந்து போனை எடுக்கப் பார்த்தேன். அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது போனது. நான்காவது போனது. ஒவ்வொரு பரலோக மந்திரத்துக்கும் அந்தக் குரல் வந்தது, ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரி வந்தது. மாதா மந்திரத்துக்கு மட்டும் மௌனம். அவர்கள் சபையில் அது கிடையாது. ஐந்தாவது முடிந்ததும் ஆயிற்று என்று மூச்சு விட்டேன். ஆனால் யாரும் தாண்டாத எல்லையைத் தாண்டி ஒருத்தி நிற்கிறாளே என்று அம்மாவுக்கு வீம்பு வந்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் சொல்கிற மாதா மன்றாட்டு மாலையையும் எடுத்தாள். மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக அவள் சொல்ல, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று நானும் அப்பாவும் சொல்லிக்கொண்டே போனோம். என் வாழ்க்கையில் அன்றைக்குப் போல மனதார அதைச் சொன்னதில்லை.

முடிந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"என்னம்மா, இன்னும் லைன்லயா இருக்க?"

"இருக்கேங்க. பொறையாத்துலேருந்து ஃபிளோரா பேசுறேன். ரெஜினோட அம்மா."

அம்மா முழந்தாளிலிருந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஏன் என்று தெரியாமல் எழுந்து நின்றார்.

அந்தக் குரல் நிதானமாகப் பேசியது. "இந்த வாரத்துலயே ரெண்டு தடவை கூப்பிட்டேங்க. மொதத் தடவை, வேணாம்னு வச்சிட்டீங்க. அடுத்த தடவை நான் பேரச் சொல்றதுக்குள்ள, எங்க வீட்டுக்கு ஒண்ணும் தேவையில்ல, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொன்னீங்க. எம் மகனைத்தான் வேணாங்கிறீங்கன்னு நெனச்சேன். அவங்கிட்டச் சொல்லலை. சொன்னா அவன் ஜாய்ஸ்கிட்ட சண்டை போடுவான். இன்னைக்கு ஒரு தடவை கூப்பிடுறது, இன்னைக்கும் வச்சிட்டா இந்தப் பேச்ச இதோட விட்டுடுறதுன்னு முடிவு பண்ணித்தான் கூப்பிட்டேன். இன்னைக்கு நீங்க வைக்கலை. உங்க குடும்ப ஜெபத்துல என்னையும் உக்கார வச்சீங்க. மனசு நெறஞ்சு போச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வேணும்னுதானே சேத்துக்கிட்டீங்க?"

அப்பா இரண்டு கையாலும் சைகை காட்டினார். ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு. நானும் அம்மாவைக் கும்பிட்டேன். ஒரு சின்ன ஆமாம் போதும். மறுநாள் சாமியாரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம்.

அம்மா மாதா படத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. தப்பு பண்ணிட்டேன். இன்சூரன்ஸ்காரவங்க தொந்தரவு தாங்கலைன்னு இப்படி ஜெபத்தப் போட்டுத் தொரத்துறது. உங்களையும் அப்படித்தான் நெனச்சேன். மாதாவ ஆள் தொரத்துற வேலைக்கு வச்சிருந்தேன் பாருங்க, எனக்கு இது வேணும்." போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "கடைசில ஒரு மன்றாட்டு சொன்னோம்ல, அது இன்னைக்கு வழக்கமே கெடயாது. நீங்க வைக்காம இருக்கீங்களேன்னு கோவத்துல சேத்துப் போட்டது."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் ஏதோ விக்கல் மாதிரி வந்தது. அது விக்கல் இல்லை, சிரிப்பு. தலைமையாசிரியை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முழுசா யாராவது நின்னிருக்காங்களா?"

"யாரும் நின்னதில்லீங்க. நீங்கதான்."

"எனக்கும் சந்தேகந்தாங்க. ஒரு கல்யாணப் பேச்சுக்கு இவ்வளவு ஜெபமான்னு."

அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு, நானும் சாமியாரும் இத்தனை நாள் கேட்டும் கிடைக்காத ஒன்றைத் தானாக எடுத்துக் கொடுத்தாள்.

"கல்யாணத்த உங்க ஆலயத்துலயே வச்சுக்குங்க."

"ஐயய்யோ, வேணாங்க. அதக் கேக்கத்தான் நானும் கூப்பிட்டேன். இப்ப கேக்க மனசு வரலை. உங்க கோயில்லயே நடக்கட்டும்."

"அது நல்லா இருக்காதுங்க. நாந்தான் தப்பு பண்ணேன். உங்க ஆலயத்துலதான்."

"வயசுல நான் பெரியவ, சொன்னாக் கேளுங்க. உங்க கோயில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள், இப்போது விட்டுக்கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்தார்கள். எப்படிப் பார்த்தாலும் கல்யாணம் நடக்காது போலிருந்தது. எட்டிப் போனைப் பிடுங்கினேன். இந்த முறை அம்மா தடுக்கவில்லை.

"அத்தை, நான் ஜாய்ஸ். உங்க ஆலயத்துலயே வைங்க. எங்கம்மா ஒண்ண வாய்விட்டுக் குடுத்துட்டா திரும்ப வாங்க மாட்டாங்க."

"சரிம்மா" என்றார் அவர். "சம்பந்தியம்மாகிட்டச் சொல்லு, ஞாயித்துக்கிழமை வர்றேன்னு. நேர்லயே வர்றேன். போன் வேணாம்."

போனை வைத்தேன். அப்பா யாரிடமாவது சொல்லிவிட்டு வர வேண்டும் என்கிற அவசரத்தில் வீரையன் மாமா வீட்டுப் பக்கம் போய்விட்டார். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அம்மா படத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில்தான் அவள் கல்யாணம் நடந்தது. நானும் அங்கே பீடத்தின் முன்னால் நிற்பதை அவள் எத்தனையோ வருஷமாக மனதில் பார்த்துவைத்திருக்கிறாள். அதைத்தான் விட்டுக்கொடுத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள். கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏண்டி ஜாய்ஸு, அங்க முழந்தாள் போட எடம் இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன். "நானும் உங்கூடப் போடுறேன்."